வாயுள்ள பிள்ளையும் ஜப்பான் ரயிலும்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். வழி தெரியவில்லையா, கேள். விலை தெரியவில்லையா, கேள். பஸ் போய்விட்டதா இன்னும் வரவில்லையா, பக்கத்தில் நிற்பவரைக் கேள். பத்து காஜா பசாருக்கு மீன் வாங்கப் போனால், மீனைப் பார்ப்பதற்கு முன்பே மீன்காரரின் வீட்டு நலத்தை விசாரித்து, "இன்னிக்கு எது நல்லது?" என்று கேட்டுத்தானே நீங்களும் நானும் வாங்குகிறோம்?

இப்படி வளர்ந்த பிள்ளை, யாரையும் எதையும் கேட்கத் தேவையில்லாதபடி அமைந்த ஓர் ஊரில் போய் இறங்கினால் என்ன ஆகும்? என் அக்காள் மகள் 2023 ஏப்ரலில் ஜப்பானுக்குப் படிக்கப் போனாள். 2024 அக்டோபரில் நான் அவளோடு மூன்று வாரம் தங்கிவிட்டு வந்தேன். ஜப்பான் என்றதும் எரிமலையையும் செர்ரிப் பூவையும் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். எரிமலையை மேகம் மூடியிருந்தது. பூப்பது வசந்த காலத்தில். நான் பார்த்ததெல்லாம் ரயிலும் கடையும்தான். அந்த இரண்டிலும்தான் என் அக்காள் மகள் முதல் மாதத்தில் திண்டாடி, திரும்பி வந்துவிடும் நிலைக்குப் போனாள்.

அவள் பெரிய வீட்டுப் பிள்ளை அல்ல. பாட்டியும் தாத்தாவும் கெல்லிஸ் கோட்டைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். அப்பா தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவள் தமிழ்ப் பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளியில் நல்ல தேர்ச்சி பெற்றாள். கிழக்கை நோக்கும் கொள்கையை மகாதீர் 1982-இல் அறிவித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்று தொடங்கி இருபதாயிரத்துக்கும் அதிகமான மலேசியர்கள் படிப்புக்கும் பயிற்சிக்கும் ஜப்பான் போய் வந்திருக்கிறார்கள். அதே 1982-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆயத்த வகுப்பில் இரண்டு ஆண்டு ஜப்பான் மொழி படித்துவிட்டுத்தான் இவளும் விமானம் ஏறினாள்.

செய்தி வந்த அன்று வீட்டில் எல்லாரும் சிரித்தோம். பாட்டி சிரிக்கவில்லை.

"ஜப்பான்காரன் ஊருக்கா போற, தாயி?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

பாட்டி 1936-இல் பிறந்தவர். 1941 டிசம்பர் கடைசியில் ஜப்பானியர் ஈப்போவைப் பிடித்தபோது அவருக்கு ஐந்து வயது. அடுத்த இரண்டு ஆண்டுக்குள் அவருடைய பெரியப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர். நம் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை, பெரியப்பாவும் திரும்பவில்லை. பாட்டியின் பிஸ்கட் டின்னில் வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் காலத்துப் பத்து வெள்ளித் தாள்கள் நாலைந்து இன்னும் கிடக்கின்றன. சண்டை முடிந்த 1945-இல் அவை வெறும் காகிதமாயின. ஆகவே ஜப்பான், ரயில், காசு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் பாட்டிக்கு எப்படி இருந்திருக்கும்? பேத்தி புறப்படும்போது திருநீறு பூசிவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான்: "அவன் காசை நம்பாதே. அப்பப்போ செலவழிச்சிடு."

ரொட்டியும் முட்டையும்

போய்ச் சேர்ந்த பெண், டோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமா மாநிலத்தில் ஒரு சிறு அறையில் குடியேறினாள். நாள்தோறும் "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்று செய்தி வரும். நாங்களும் நம்பினோம். பிறகுதான் தெரிந்தது, அவள் மூன்று வாரமாக ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம் ஆகிய மூன்றை மட்டும் தின்றுகொண்டிருந்தாள் என்பது.

இரண்டு ஆண்டு மொழி படித்தவளுக்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பாடப் புத்தகத்தில் ஆசிரியை நிறுத்தி நிதானமாகப் பேசுவார். கடையில் காசு வாங்கும் பெண், சாமானைத் தட்டிக்கொண்டே இரண்டு மூச்சில் நாலு கேள்வி கேட்கிறாள். பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவரும் முணுமுணுப்பதில்லை, அதுவே பயமாக இருக்கிறது. இவள் எல்லாவற்றுக்கும் "ஹாய்" என்றாளாம். "ஹாய்" என்றால் "ஆமாம்". அவள் "ஆமாம்" சொன்னவை: பை வேண்டுமா, புள்ளி அட்டை இருக்கிறதா, சாப்பாட்டைச் சுட வைக்கவா, குச்சி வேண்டுமா. இருக்கிறது என்று சொன்ன அட்டைக்காக அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டு நிற்க, இவள் அழாத குறையாக வெளியே வந்தாள். அதன்பின் அந்தப் பேரங்காடிப் பக்கமே போகவில்லை.

ரயிலிலும் அதே கதைதான். தவறான நடைமேடையில் ஏறி, நிற்காமல் போகும் விரைவு வண்டியில் மாட்டி, வகுப்புக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனாள். அன்று இரவு அக்காளுக்கு அழைப்பு வந்தது.

"அம்மா, டிக்கெட் போடுங்க. நான் வந்திடுறேன்."

உபகாரச் சம்பளத்தில் போன பிள்ளை பாதியில் திரும்பினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்; அந்தக் கணக்கை அன்றிரவு அக்காளும் மாமாவும் அடுப்படியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள். வீட்டை விற்றாலும் போதாது. மாமா, "பிள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா வீடு எதுக்கு? வரச் சொல்லு" என்றார். அக்காள் பேசவே இல்லை. பாட்டிதான், "போனை இங்கே கொடு" என்றார்.

பாட்டி பேசியதை அக்காள் பிறகு என்னிடம் சொன்னாள். தோட்டத்தில் இருந்தவரை பாட்டி கையால் காசு எண்ணியதே இல்லை. தோட்டத்துக் கடையில் பற்றுப் புத்தகம். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் கடைக்காரர் எழுதிக்கொள்வார். சம்பள நாளில் தாத்தா போய்க் கணக்கு முடிப்பார். எண்பதுகளின் கடைசியில் ரப்பரை அழித்துத் தோட்டம் கைமாறியபோது, இவர்கள் டவுனில் மலிவு விலை வீட்டுக்கு வந்தார்கள். முதல் தடவை ஈப்போவில் ஒரு பெரிய கடைக்குள் தனியாகப் போன பாட்டி, சாமானைத் தானே எடுக்கலாம் என்பது தெரியாமல், யாராவது வந்து "என்ன வேணும்" என்று கேட்பார்கள் என அரை மணி நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டாராம். இதை அவர் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை.

"அப்புறம் என்ன செஞ்சீங்க பாட்டி?"

"ஒரு நாளைக்கு ஒரு சாமான். மொத நாள் உப்பு மட்டும். அதுக்கு மேலே எடுக்கலே. நீயும் அப்படியே செய். ஒரு மாசத்துக்கு அப்புறமும் முடியலேன்னா வா."

வாசகர்களே, இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஆனால் அது பலித்தது. பேத்தி ஒரு நாள் உப்பு வாங்கினாள். மறுநாள் எண்ணெய். மூன்றாம் நாள் அரிசி. ஒவ்வொரு சாமானுக்கும் பொட்டலத்தின் எழுத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, அதன் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டி வைத்தாள். கேட்கப்படும் நாலு கேள்விக்கும் பதிலை அறையில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகினாள். ஒரு மாதக் கெடு முடிந்தபோது பாட்டியிடம் அவள் டிக்கெட் கேட்கவில்லை. சாம்பார் வைப்பது எப்படி என்று கேட்டாள்.

ஏறுவது எளிது, இறங்குவதுதான் சங்கடம்

நம் பத்து காஜா நிலையத்தில் மின்ரயில் ஏறினால், சுமார் இரண்டரை மணி நேரத்தில் கோலாலம்பூர். அதில் போய்ப் பழகியவர்களுக்கு ஜப்பான் ரயில் அப்படி ஒன்றும் பூதமல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூதம் எது தெரியுமா? நிலையம்.

டோக்கியோவைச் சுற்றி யாமனோத்தே என்று ஒரு வட்டப் பாதை ஓடுகிறது. 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பாதை வட்டமாக இருப்பதால் தவறான பக்கம் ஏறினாலும் கடைசியில் போய்ச் சேர்ந்துவிடலாம். புதியவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறம். நிலையங்களுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளம் உண்டு. பெயரைப் படிக்க வராவிட்டாலும் நிறத்தையும் எண்ணையும் பார்த்துப் போகலாம். முதல் வாரம் நான் அப்படித்தான் போனேன்.

ஆனால் அந்த வட்டத்திலுள்ள சின்ஜூக்கு நிலையத்தில் நான் பட்ட பாடு! உலகிலேயே மிக நெரிசலான நிலையம் என்று பெயரெடுத்தது அது. வெளியேறும் வழிகள் மட்டும் இருநூறுக்கு மேல். "கிழக்கு வாசலில் நில்லுங்க, சின்னம்மா" என்று அக்காள் மகள் சொல்லியிருந்தாள். நான் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் மேற்கே வந்து சேர்ந்தேன். மேற்கிலிருந்து கிழக்குக்கு வர எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒரு மூதாட்டியிடம் கைப்பேசியைக் காட்டினேன். தமக்கு வேலை இருந்ததோ இல்லையோ, வாசல் வரை கூடவே நடந்து வந்து, குனிந்து வணங்கிவிட்டுப் போனார். கேட்டால் உதவுகிறார்கள், ஆனால் கேட்கிறவர் அங்கே குறைவு. எல்லாம் பலகையில் எழுதியிருக்கிறது, படித்தால் போதும் என்பது அவர்கள் வழக்கம். ஏறும் நிலையத்தைவிட இறங்கும் வாசலின் பெயரைத்தான் முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த நாற்பது நிமிடம் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

பயணச் சீட்டுக்கு அட்டை இருக்கிறது. 2001-இல் டோக்கியோவில் வந்த சுயிக்கா அட்டை நம்மூர் டச் அண்ட் கோ போன்றதுதான். ரயில், பஸ், கடை எல்லாவற்றுக்கும் தட்டலாம். அட்டையில் பணம் குறைந்து வாசல் மூடிக்கொண்டால் பதற வேண்டாம். பக்கத்திலேயே குறைந்த பணத்தைக் கட்ட ஓர் இயந்திரம் இருக்கிறது. அபராதம் இல்லை, வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும். என் அக்காள் மகளுக்கு இது தெரியாமல், தன்னைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து நிலையத்துக்குள்ளேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள், பாவம்.

புறநகர்ப் பஸ்ஸில் பலவற்றில் பின்வாசலில் ஏறி, சிறு எண் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். முன்னால் உள்ள பலகையில் உங்கள் எண்ணுக்கு நேரே கட்டணம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்திலுள்ள பெட்டியில் சரியான சில்லறையைப் போட வேண்டும். 1,000 யென் தாளை அந்தப் பெட்டியே மாற்றித் தரும். பெரிய தாளை மாற்றாது. நான் 10,000 யென் தாளை நீட்டிக்கொண்டு நிற்க, பஸ் முழுவதும் மௌனமாகக் காத்திருந்தது. நம்மூர் போல ஒருவர் சத்தம் போட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

மௌனம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ரயிலில் யாரும் கைப்பேசியில் பேசுவதில்லை. என் கைப்பேசியோ நெரிசல் நேரத்தில் முருகன் பாட்டை உரக்கப் பாடியது. ஐம்பது பேரும் கேட்காதது போல் இருந்தார்கள். என் அக்காள் மகள் என்னைத் தெரியாதது போல் இருந்தாள்.

பெண் பிள்ளையை அனுப்பும் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. காலை நெரிசலில் பல பாதைகளில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. நடைமேடையில் அடையாளம் இட்டிருப்பார்கள். நம் கொமுட்டரிலும் 2010 முதல் அப்படி இருக்கிறதே. கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். அதை விட்டால் டாக்சிதான். ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு ஓரிரவில் போய்விடும்.

சைக்கிள் வாங்கினால் பதிவு செய்ய வேண்டும். பின்னால் தோழியை ஏற்றிக்கொண்டு போவது குற்றம். தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒரே சைக்கிளில் மூன்று பேர் போன நமக்கு இது கொஞ்சம் கடினம்தான்.

இரண்டு விலையும் ஓட்டைக் காசும்

இனிக் கடைக்கு வருவோம். 1,000 யென்னுக்குக் கீழே தாள் கிடையாது, எல்லாம் நாணயம். 1, 5, 10, 50, 100, 500 என்று ஆறு வகை. 5 யென்னிலும் 50 யென்னிலும் நடுவே ஓட்டை. நான் போனபோது 100 யென் என்றால் மூன்று வெள்ளியை ஒட்டி இருந்தது. நாணயத்தை நாம் அற்பமாக நினைக்கிறோம். அங்கே 500 யென் நாணயம் ஒன்றைத் தவறவிட்டால் பதினைந்து வெள்ளி போயிற்று. ஆகவே நாணயப் பை முக்கியம். காசைக் கையில் கொடுக்காமல், மேசையில் உள்ள சிறு தட்டில் வைக்க வேண்டும். மீதியையும் எண்ணிக் காட்டித் தருவார்கள். பேரம் பேசுவது இல்லை.

விலைச் சீட்டில் இரண்டு எண் இருக்கும். பெரிதாகக் கண்ணில் படுவது பெரும்பாலும் வரி சேராத விலை. கீழே சிறியதாக இருப்பதுதான் நீங்கள் கொடுக்கப் போவது. விற்பனை வரி அங்கே 1989-இல் 3 விழுக்காடாகத் தொடங்கியது. 2019 அக்டோபரில் 10 விழுக்காடு ஆனது. சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும் 8 என்று வைத்தார்கள். "நூறு யென் கடை" என்று புகழ்பெற்ற கடைகளிலும் சட்டி, துடைப்பம், கரண்டிக்கு 110 யென் கொடுக்க வேண்டும். ஆனாலும் புதிதாகக் குடியேறும் மாணவர்களுக்கு அதுதான் முதல் கடை. ஒரு வீட்டுக்கு வேண்டிய சில்லறைச் சாமான் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்லட்டுமா? இரண்டாம் நாள் அக்காள் மகள் வகுப்புக்குப் போயிருந்தாள். நான் கடைக்குப் போய் ஜம்பமாகச் சர்க்கரைப் பொட்டலம் வாங்கி வந்து, தேநீர் கலந்து வாயில் வைத்தால் கடல் தண்ணீர்! இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே அளவுப் பை. மறுநாள் சலவைத் தூளுக்குப் பதில் துணியை மிருதுவாக்கும் மருந்தை வாங்கி வந்தேன். மூன்றாவதாகப் பழச்சாறு. பீச் பழம் போட்ட அழகான டின். நல்லவேளை, திறப்பதற்கு முன் அவள் வந்து பார்த்தாள். டின்னில் சிறியதாக ஓர் எழுத்து இருக்கிறது. அதற்கு மது என்று பொருள். பழப்படம் போட்ட டின்னெல்லாம் சாறு அல்ல என்பதை வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள்.

மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஜப்பானியர் கறியை மிகவும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். கடையில் கட்டியாக விற்கும் கறி மசாலாவில் மாட்டுக் கொழுப்பு சேர்ந்திருப்பது உண்டு. சைவம் உண்பவர்களுக்கு அதைவிடச் சிக்கல்: காய்கறிச் சூப்பு என்று இருப்பதிலும் மீன் சாறு இருக்கும். மாடு, பன்றி, கோழி, மீன் ஆகிய நான்கின் எழுத்தையும் விமானம் ஏறுமுன் பாடம் செய்துவிடுவது நல்லது. கூடவே, வெளிநாட்டுச் சொற்களை எழுதும் கத்தக்கானா எழுத்துகள் ஐம்பதுக்கும் குறைவுதான். அவற்றைக் கற்றுக்கொண்டால் கடையில் உள்ள பல பெயர்களை வாய்விட்டுப் படித்தே கண்டுபிடித்துவிடலாம். காப்பி காப்பியாகவே இருக்கிறது, வெண்ணெய் பட்டராகவே இருக்கிறது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பான் மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் எழுதியபோது நம் பத்திரிகைகள் கொண்டாடின. மொழியியல் அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நாமும் அளவோடு கொண்டாடுவோம். ஆனால் சொல் வரிசை நம்முடையதைப் போலவே இருப்பது உண்மை. "வதாஷி வா மிசே நி இகிமாஸ்" என்றால் "நான் கடைக்குப் போகிறேன்". நான், கடை, கு, போகிறேன். அப்படியே வரிசை மாறாமல் இருக்கிறது பாருங்கள்! "இக்குரா தெஸ் கா" என்றால் என்ன விலை. ஆங்கிலத்தில் யோசித்துப் பேசுவதைவிடத் தமிழில் யோசித்துப் பேசினால் சீக்கிரம் வருகிறது என்று என் அக்காள் மகளே சொல்கிறாள்.

சிக்கனத்துக்கு ஒரு வழி. மாலை ஏழு, எட்டு மணிக்கு மேல் பேரங்காடிகளில் அன்று சமைத்த உணவு, மீன், ரொட்டி ஆகியவற்றின் மேல் விலைக் குறைப்புச் சீட்டு ஒட்டுவார்கள். முதலில் இருபது விழுக்காடு, பிறகு பாதி விலை. சீட்டு ஒட்டும் ஊழியரைச் சற்றுத் தள்ளி நின்று நாலைந்து பேர் காத்திருப்பதைப் பார்த்தேன். அவர்களில் கோட்டு சூட்டுப் போட்டவர்களும் இருந்தார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பைக்குக் காசு, 2020 ஜூலை முதல் எல்லாக் கடையிலும் அப்படித்தான். வீட்டுப் பையைக் கொண்டுபோக வேண்டும்.

அரிசிதான் பெரிய விஷயம். அவர்கள் அரிசி குட்டையானது, ஒட்டும். குழம்பு ஊற்றினால் கஞ்சி மாதிரி ஆகிவிடும். தயிர்ச் சாதத்துக்கு மட்டும் பிரமாதம். அந்த அரிசியும் 2024 கோடையில் கடைகளில் காலியாகி, பிறகு விலை ஏறிக்கொண்டே போயிற்று. 2025 வசந்தத்தில் 5 கிலோ 4,000 யென்னைத் தாண்டியது. நம் பணத்தில் நூறு வெள்ளிக்கு மேல்! 2023-இல் நம் கடைகளில் உள்ளூர் வெள்ளை அரிசி தட்டுப்பட்டபோது, கிலோ 2 வெள்ளி 60 காசு அரிசிக்கு அலைந்தோமே, நினைவிருக்கிறதா? அக்காள் மகள் இப்போது இந்தியக் கடைகளில் நீள அரிசி வாங்குகிறாள். உவேனோ அருகே அமேயோக்கோ என்ற நெரிசலான கடைத் தெருவின் பக்கத்திலும், இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் நிஷிகசாயிலும், பல நாட்டுச் சாமான் கிடைக்கும் ஷின்-ஒக்குபோவிலும் துவரம் பருப்பு, புளி, கடுகு, மிளகாய்த் தூள் எல்லாம் இருக்கின்றன. அமேயோக்கோவில் கடைக்காரர்கள் கூவி விற்கிறார்கள். அங்கே நுழைந்ததும் எனக்கு நம் பசார் மாலாமுக்கு வந்தது போல் மூச்சு வந்தது.

நின்றுபோன எஞ்சின்

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, "சின்னம்மா, ஓர் இடம் இருக்கு. நான் தனியா போகலே" என்றாள். குதான்ஷித்தா நிலையத்தில் இறங்கி நடந்தோம். யாசுகுனி ஆலயம். போரில் இறந்தவர்களுக்கானது, போர்க் குற்றவாளிகள் எனத் தண்டிக்கப்பட்டவர்களையும் அங்கே சேர்த்திருப்பதால் அண்டை நாடுகள் கண்டிக்கின்றன. ஆலயத்துக்குள் நாங்கள் போகவில்லை. பக்கத்திலுள்ள போர்க் காட்சியகத்தின் முன்கூடத்தில் ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. கறுப்பாக, நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள். சி56 வகை, எண் 31. சயாம்-பர்மா பாதையின் திறப்பு விழாவில் 1943-இல் ஓடிய எஞ்சின் அது. 1979-இல் ஜப்பானுக்குக் கொண்டுவந்தார்கள். செய்யப்பட்ட ஆண்டு 1936.

"பாட்டி பிறந்த வருஷம்" என்றாள் அவள். வேறொன்றும் பேசவில்லை. பள்ளிப் பிள்ளைகள் சிலர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எடுக்கவில்லை. திரும்பும் ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். பாட்டியிடம் சொல்வதா வேண்டாமா என்று இருவருக்கும் புரியவில்லை.

பத்து காஜாவுக்கு வந்து ஒரு வாரம் கழித்து நானே சொன்னேன். பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அது இன்னும் ஓடுதா?"

"இல்லேம்மா. நிறுத்தி வெச்சிருக்காங்க."

"நிக்கட்டும்" என்றார். சற்றுப் பொறுத்து, "பிள்ளை போற ரயில் வேற தானே?" என்றார். வேறுதான் என்றேன்.

பெட்டியில் என்ன வைக்கலாம்?

நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையும் போகலாம். படிக்கவோ, தொழில் பழகவோ, வேலைக்கோ இன்று போகிறவர்கள் அதிகம். ஆகவே சில விஷயங்கள்.

பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், காய்கறி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். தாவரச் சோதனையில் பிடித்துக்கொள்வார்கள். இறைச்சி எந்த வடிவத்திலும் கூடாது. ஆட்டுக்கறிப் பிரட்டலை எத்தனை அன்போடு செய்து கொடுத்தாலும் விமான நிலையத்துக் குப்பைக்குத்தான் போகும். சளி, மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவற்றுக்கும் அங்கே தடை இருக்கிறது. மருந்தகத்தில் கேட்டுவிட்டு வையுங்கள். கடையில் மூடி முத்திரையிட்ட மசாலாத் தூள் கொஞ்சம் போதும். குளிர்ச் சட்டையை இங்கே விலை கொடுத்து வாங்க வேண்டாம். அங்கே பழைய துணிக் கடைகளில் மலிவாகவும் தடிப்பாகவும் கிடைக்கிறது.

பெட்டியைவிட முக்கியம், போவதற்கு முந்தைய ஆறு மாதம். பிள்ளையை நிலையம் வரை மோட்டாரில் கொண்டுபோய் விட்டு, டிக்கெட் எடுத்துக் கொடுத்து, இருக்கை வரை போய் உட்கார வைத்துவிட்டு வருகிறோமே, அதை நிறுத்துங்கள். தனியாக ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய் வரட்டும். தவறி இறங்கட்டும்; இங்கே தவறி இறங்கினால் யாராவது மாமா, அத்தை வந்து கூட்டிக்கொண்டு வருவார்கள். வாரத்துக்கு ஐம்பது வெள்ளியைக் கையில் கொடுத்து, வீட்டுச் சாமான் வாங்கிக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். ஆணோ பெண்ணோ, சோறு வடிக்கவும் ஒரு குழம்பு, ஒரு பொரியல் வைக்கவும் தெரியாமல் விமானம் ஏற்றாதீர்கள். என் அக்காள் மகள் பொறியியல் படிக்கப் போனவள். பருப்பு எத்தனை விசிலுக்கு வேகும் என்பது தெரியாது. இது அவள் குற்றமல்ல, எங்கள் குற்றம். "நீ படி, நான் பார்த்துக்கிறேன்" என்று பதினெட்டு வருடம் சொல்லியே வளர்த்தோம்.

"நல்லா இருக்கேன்" என்று செய்தி வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். என்ன வாங்கினாய், என்ன விலை, எந்த ரயிலில் போனாய் என்று கேளுங்கள். பதில் சுருங்கிப் போனால் பிள்ளை வெளியே போகவில்லை என்று அர்த்தம்.

நான் திரும்பும்போது பாட்டிக்கென்று ஒரு 50 யென் நாணயம் கொண்டுவந்தேன். வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். "இதுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டார். அங்கே ஒரு வாழைப்பழம் வாங்கலாம், அதுவும் சின்னது என்றேன். "அப்போ பரவாயில்லே, செல்லும் காசுதான்" என்று பிஸ்கட் டின்னைத் திறந்து, வாழைமரத் தாள்களின் மேல் போட்டு மூடினார்.

அக்காள் மகளுக்கு 2027 மார்ச்சில் படிப்பு முடிகிறது. போன வருடம் அவள் இருக்கும் ஊருக்கு இங்கிருந்து இன்னும் இரண்டு தமிழ்ப் பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்காக அவள் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதியிருக்கிறாள்: பொட்டலத்தின் படம், ஜப்பான் எழுத்து, தமிழ்ப் பெயர், எந்தக் கடையில் என்ன விலை. மூவரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் யாமனோத்தே ரயிலில் உவேனோவுக்குப் போய்ப் பருப்பு வாங்கி வருகிறார்கள். அடுத்த பொட்டலத்தில் சாம்பார்த் தூள் வேண்டாமாம், அங்கேயே கிடைக்கிறதாம். கொஞ்சம் கருவாடு மட்டும் அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறாள். அறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று அக்காள் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.